விடுங்க அங்கிள்

“நிறுத்துன்னா நிறுத்துதான். இன்னியோட அந்த டேக்வாண்டோ கிளாஸ்...”

“மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டுங்க. முன்னால லாரி...”

“லாரி எனக்குத் தெரியுது லா! பேச்ச மாத்தாத. ஒரு பெரிய மனுஷன, நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளிய...”

“யாரு மாத்துனா? சாரி கேக்கத்தானே போய்க்கிட்டு இருக்கோம்? அதுக்காக கிளாஸ நிறுத்துன்னா என்ன அர்த்தம்? படி ஏறுனாலே மூச்சு வாங்குன பிள்ள...”

“இப்ப மூச்சு நல்லா வருது, சரி. அந்த மூச்ச வச்சுத்தானே கத்துனா! தாமான்ல எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும்!”

கில்பர்ட்டின் பழைய மைவி கார், செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. செனாயில் காலைப் பூசை முடிந்த கையோடு புறப்பட்டவர்கள், கூலாயைத் தாண்டியும் சண்டையைத் தாண்டவில்லை. கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுத்துக்கொண்ட கணவனும் மனைவியும் இவர்கள்தானா என்று யாராவது பார்த்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

பின் இருக்கையில் ஜெரால்டின் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. மடியில் வெண்ணெய் கேக் வைத்த தகர டப்பா. மன்னிப்பு கேட்கப் போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று சூசன் விடியற்காலையில் எழுந்து சுட்டது.

“ஜெரி, கேக்கச் சாய்க்காம பிடி.”

“சாயலம்மா.”

“அங்க போனதும் என்ன சொல்லணும்?”

ஜெரால்டின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“பாத்தியா, பாத்தியா! வாயத் தொறக்குறாளா பாரு. நேத்து அவ்ளோ பெரிசா தொறந்துச்சு!” என்றான் கில்பர்ட்.

நேற்று நடந்தது இதுதான். ஜெரால்டின் பச்சை பெல்ட் தேர்வில் தேறியதற்கு வீட்டில் ஒரு மத்தியான விருந்து. அவளுடைய ஞானத்தகப்பன் அமலநாதன் லாயாங் லாயாங்கிலிருந்து மனைவி லூசியோடு வந்திருந்தார். ஞானத்தகப்பன் என்பதோடு அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சிங்கப்பூரில் கில்பர்ட் வேலை செய்யும் கப்பல் பட்டறையில் அவர்தான் சூப்பர்வைசர். கில்பர்ட் வேலையில்லாமல் கிடந்தபோது அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். அதனால் அவர் வந்தால் அந்த வீட்டில் மின்விசிறிகூட ஒரு சுற்று வேகமாகத்தான் சுழலும்.

சாப்பாட்டுக்கு முன்னால் கில்பர்ட்டுக்கு ஆசை வந்துவிட்டது. நம் ஊரில் பிள்ளை எதைக் கற்றாலும் அது விருந்தாளிக்குக் காட்டத்தான். பாட்டுக் கற்றால் பாடு, கீபோர்டு கற்றால் வாசி.

“ஜெரி, யூனிபார்ம் போட்டுக்கிட்டு வா. அங்கிளுக்கு ஒரு ஷோ காட்டு.”

அவள் உதைத்துக் காட்டினாள். குத்திக் காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அமலநாதன் எழுந்தார்.

“காத்துல குத்துறது யாருக்கும் வரும் பாப்பா. நான் பின்னாலேர்ந்து பிடிக்கிறேன். தப்பிச்சுக் காட்டு பாப்போம்.”

பிடித்தார். இரண்டு கைகளாலும் அவளை இறுக்கிக்கொண்டு, எப்போதும் செய்வதுபோல் கிச்சுக்கிச்சு மூட்டினார். “விடுங்க அங்கிள்” என்றாள் அவள், மெதுவாக. சபை சிரித்தது. “விடுங்க அங்கிள்” என்றாள் மறுபடியும். கில்பர்ட் சோபாவில் இருந்தபடியே, “விடாதீங்கண்ணே! பெல்ட்டுக்கு வேல குடுங்க!” என்றான்.

அடுத்த நொடி ஒரு சத்தம் வந்தது. சமையலறையில் இருந்த சூசனின் கையிலிருந்து கரண்டியே விழுந்துவிட்டது. ஜெரால்டின் உடம்பைக் கீழே இறக்கி, அவர் பாதத்தை மிதித்து, முழங்கையைப் பின்னால் தள்ளி, நழுவி, அறையின் மறுகோடியில் போய் நின்றாள். அமலநாதன் இரண்டடி பின்னால் தடுமாறி, பானங்கள் வைத்த ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் உடனே எழுந்திருக்கவும் முடியவில்லை. அதுதான் வினை. யாரோ ஒரு மச்சான் அதைக் கைப்பேசியில் எடுத்து, அடியில் ‘பச்சை பெல்ட் 1, சூப்பர்வைசர் 0’ என்று எழுதிப் பரப்பிவிட்டான். பொழுது சாய்வதற்குள் அது பட்டறை ஆட்களின் குழுவுக்கும் போய்விட்டது.

அமலநாதன் சாப்பிடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “பிள்ளைய ரொம்ப நல்லா வளத்திருக்கீங்க” என்று ஒரு வார்த்தை சொன்னார். கில்பர்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

“நாளைக்கு யார்டுல அவர் மொகத்துல எப்படி முழிப்பேன்? எல்லாப் பயலும் அந்த வீடியோவப் பாத்துட்டுச் சிரிக்கிறானுங்க. அவருக்கு எவ்ளோ மலு, எவ்ளோ அவமானம்!” என்று காரில் மறுபடியும் ஆரம்பித்தான் கில்பர்ட்.

“அவருக்கு மலுன்னா பெட்டியப் பாத்து விழுந்திருக்கணும்” என்றாள் சூசன். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“இதான்! இந்தச் சிரிப்புதான் அவளக் கெடுக்குது. போன் போடு அந்த மேடத்துக்கு. ஸ்பீக்கர்ல போடு. நானே கேக்குறேன்.”

“இப்ப கிளாஸ் நடக்கும்ங்க.”

“நடக்கட்டும். இன்னும் எத்தன வீட்டுப் பிள்ளைங்களக் கெடுக்கிறாங்கன்னு கேப்போம்.”

சூசன் சலித்துக்கொண்டே எண்ணைத் தட்டினாள். தாமான் பொது மண்டபத்தில் வகுப்பு நடத்தும் சாந்தினி எடுத்தாள். பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல் காரை நிறைத்தது.

“மேடம், நான் ஜெரால்டினோட அப்பா பேசுறேன். நீங்க பிள்ளைங்களுக்கு மரியாதன்னு ஒண்ணு சொல்லிக் குடுக்கறதே இல்லயா?”

“கிளாஸ் தொடங்குனா வணக்கம், முடிஞ்சா வணக்கம், பலகைய ஒடைக்கிறதுக்கு முன்னால வணக்கம், ஒடைச்ச பெறகு வணக்கம். இதுக்கு மேல எங்க வைக்கச் சொல்றீங்க சார்?”

“கிண்டல் வேணாம். நேத்து எங்க வீட்டுக்கு வந்த பெரியவரத் தள்ளி விட்டுட்டா.”

“எதுக்கு? அவரு என்ன பண்ணாரு?”

“ஒண்ணும் பண்ணல. சும்மா பிடிச்சாரு. விளையாட்டுக்கு.”

“விடச் சொன்னாளா?”

“அது... அவரு கூடப் பொறந்த அண்ணன் மாதிரி எனக்கு. அவளுக்கு ஞானத்தகப்பன்...”

“சார், விடச் சொன்னாளா?”

பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. “சொன்னேன் மேடம். ரெண்டு வாட்டி.”

“ஜெரி, நீயா? விடலயா? அப்புறம் என்ன பண்ண?”

“சத்தம். கால். முழங்கை. அப்புறம் தூரமாப் போய் நின்னேன்.”

“விழுந்தவர அடிச்சியா?”

“இல்ல மேடம். தூரமாத்தான் நின்னேன்.”

“சரியாத்தான் செஞ்சிருக்க.” சாந்தினியின் குரலில் இருந்த பொறுமை இப்போது ஓடிப்போயிற்று. “சார், அவ வந்த புதுசுல பேரு கேட்டாக்கூட அம்மா மொகத்தப் பாப்பா. சத்தம் போடுன்னா கண்ணுல தண்ணி வரும். ஒதைக்கக் கத்துக்கிட்டது சீக்கிரம். வாயத் தொறக்கத்தான் அத்தன மாசம் ஆச்சு. பிள்ள தைரியசாலியா வரணும்னு எல்லாரும் கொண்டாந்து விடுறீங்க. வந்துட்டா திட்டுறீங்க. கொடைய வாங்கிக் குடுத்துட்டு, ஏன் நனையாம வந்தேன்னு அடிக்கிற கதையால்ல இருக்கு! ஏய் அடாம், தூண ஒதைக்காத, நிறுத்து! பெர்ஹெந்தி! சார், நான் அப்புறம் பேசுறேன்.”

துண்டித்துவிட்டாள்.

“பாத்தியா திமிர! ஆசிரியைக்கே இப்படின்னா மாணவிக்கு எப்படி இருக்கும்?”

“அவங்க கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல” என்றாள் சூசன்.

“என்ன கேட்டாங்க?”

“விடச் சொன்னாளான்னு.”

“ஆரம்பிச்சுட்டியா? நேத்து ராத்திரி நீயும்தானே சாரி கேக்கணும்னு சொன்ன?”

சொன்னாள்தான். இப்போதும் அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பெரியவர் விழுந்தார், சிறியவள் மன்னிப்பு கேட்க வேண்டும். அத்தோடு வகுப்பும் தொடர வேண்டும். பிள்ளை இப்போது தானே எழுந்து குளிக்கிறாள், தன் யூனிபார்மைத் தானே துவைக்கிறாள், கைப்பேசிக்குச் சண்டை போடுவதில்லை. போன மாதம் பள்ளிக்கூட வேனில் ஒரு பையன் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் பையைப் பிடுங்கியபோது, கையை ஓங்காமல், குரலாலேயே திருப்பிக் கொடுக்க வைத்தாளாம். வேன்காரர் சொன்னார். இதையெல்லாம் எப்படி நிறுத்துவது? ஒரு சாரியோடு போகட்டும் என்றுதான் சூசன் கணக்குப் போட்டிருந்தாள்.

லாயாங் லாயாங்கில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில்தான் அமலநாதன் வீடு. கார் நின்றதும் சூசன் பின்னால் திரும்பினாள். ஜெரால்டின் இறங்கவில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“எறங்கு ஜெரி.”

“அம்மா, டாய்லெட் போகணும்.”

“வீட்டுக்குள்ள போய்க்கலாம்.”

“அங்க இல்ல. பெட்ரோல் கடையில.”

இந்தக் குரலைச் சூசன் எங்கோ கேட்டிருக்கிறாள். செனாய் வீட்டின் வாசலில் அமலநாதனின் கார் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் இவள் இதே குரலில் சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ‘வெக்கம்’ என்று சூசனே சிரித்துக்கொண்டு விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

“என்ன அங்கயே நிக்கிறீங்க?” என்று கில்பர்ட் கத்தினான். சூசன் நினைப்பை உதறிவிட்டு, டப்பாவைத் தன் கையில் வாங்கிக்கொண்டு மகளை இறக்கினாள்.

அமலநாதன் கார் நிறுத்தும் இடத்தில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு காலுக்கு மட்டும் ஸ்டூல் போட்டு, பாதத்தில் தைலம் தடவியிருந்தார். வாசனை கேட் வரைக்கும் வந்தது.

“வாங்க, வாங்க. சாம்பியன் வந்துட்டாங்க. லூசி, ஐஸ் பெட்டிய உள்ள எடுத்து வை!”

கில்பர்ட் தேவைக்கு மேல் சிரித்தான். “அண்ணே, நீங்க வேற. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு.”

“எனக்கும்தான் இல்ல. மல்லாந்து படுத்தா முதுகு வலிக்குது, குப்புறப் படுத்தா மானம் வலிக்குது. யார்டு பயலுக மெசேஜப் பாத்தியா? ‘பாஸ், கோக்கா, ஸ்ப்ரைட்டா’ன்னு கேக்குறானுங்க.”

“மன்னிச்சிருங்கண்ணே. ஜெரி, வா. சொல்லு.”

ஜெரால்டின் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று, வகுப்பில் செய்வதுபோல் கால்களைச் சேர்த்துக் குனிந்தாள். “ஒங்க கால்ல மிதிச்சதுக்கு சாரி அங்கிள்.”

குரல் தெளிவாக இருந்தது. சூசனுக்கு மூச்சு வந்தது. முடிந்தது, ஒரு கேக், ஒரு சாரி, இனி வீட்டுக்குப் போகலாம்.

“அது என்ன, போலீஸ்ல வாக்குமூலம் குடுக்குற மாதிரி?” அமலநாதன் தலையை ஆட்டினார். “அங்க நின்னு சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன். ஞானத்தகப்பன்கிட்ட தோத்திரம் சொல்லி ஆசீர்வாதம் வாங்குற பிள்ள தூரத்துலயா நிக்கும்? கிட்ட வா. எப்பவும் போல மடியில ஒக்காந்து சொல்லு, அப்பதான் நெத்தியில சிலுவ போடுவேன்.”

“போம்மா” என்றான் கில்பர்ட்.

ஜெரால்டின் அசையவில்லை.

“சும்மா விளையாடுறாரு. போ.”

அவள் நடந்தாள். சூசன் பார்த்துக்கொண்டே நின்றாள். நிமிர்ந்திருந்த தோள்கள் முதலில் இறங்கின. பிறகு தாடை. கைகள் இரண்டும் தாமாகவே மார்புக்குக் குறுக்கே வந்து கட்டிக்கொண்டன. பச்சை பெல்ட் வாங்கிய பெண் பாதி வழியிலேயே காணாமல் போய்விட்டாள். பெயர் கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கும் அந்தப் பழைய பிள்ளை அங்கே நடந்துகொண்டிருந்தது. பாதியில் நின்று, அது திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தது.

“ஜெரி, அங்கயே நில்லு.”

“சூசன்!” என்றான் கில்பர்ட்.

“நில்லுன்னு சொன்னேன். போக வேணாம்.”

அமலநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். “என்ன சூசன் இது? நான் என்ன அந்நியனா? தொட்டில்லேர்ந்து தூக்குன கை இது.”

“தொட்டில்ல இருந்தப்ப அதுக்குப் பேச வராதுண்ணே. இப்ப வருது. வேணாம்னு சொல்லுது.”

“ஓகோ. அப்ப நான் தப்பானவன்?”

“நான் அப்படிச் சொல்லல. பிள்ள விடுங்கன்னு சொன்னா விட்டுறணும்னு சொல்றேன். நேத்து விட்டிருந்தா ஐஸ் பெட்டிக்கு வேலயே இல்ல.”

“கில்பர்ட், ஒன் பொண்டாட்டிய என்னான்னு கேளு.”

“சூசன், வாய மூடு. கார்ல போய் ஒக்காரு.”

“மூட மாட்டேன். இத்தன வருஷம் நான் மூடுனதும் இல்லாம, அவ வாயயும் மூடி வச்சேன். இவரு வந்தா கக்கூஸ்ல போய் ஒளிஞ்சுக்கிட்ட பிள்ளைய, வெக்கம், வெக்கம்னு வெளிய இழுத்துக்கிட்டு வந்து விட்டவளே நான்தான்!” சூசன் அமலநாதன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, ஞானஸ்நானத்தப்ப கோயில்ல மெழுகுவத்தியப் பிடிச்சுக்கிட்டு, இந்தப் பிள்ளைக்குத் தொணையா இருப்பேன்னு நீங்க சொன்னீங்க. தொணைன்னா அது பயப்படாம நிக்கணும். பயந்து ஒளியுதுன்னா அது எப்படிண்ணே தொண?”

“விளையாடுறதையும் தப்புன்னு சொன்னா, இனி பிள்ளைங்களத் தொடவே முடியாது போல!”

“ரெண்டு பேரும் சிரிச்சாத்தான் விளையாட்டு. ஒருத்தர் மட்டும் சிரிச்சா அதுக்குப் பேரு வேற.”

வீட்டுக்குள்ளிருந்து லூசி வந்தாள். கையில் பானத் தட்டு. அதை வைத்துவிட்டு, மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கணவனுக்குப் பக்கத்தில் போடவில்லை. ஜெரால்டின் நின்ற இடத்திலேயே விரித்தாள்.

“நீ இங்க ஒக்காரு கண்ணு.” பிறகு கணவனைப் பார்த்தாள். “கிட்ட வர மாட்டேங்குது. சொன்னது கேட்டுச்சுல்ல?”

“நீயுமா?”

லூசி சூசனின் கையிலிருந்த கேக் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அமலநாதன் ஸ்டூலிலிருந்து காலை இறக்கினார். வலிக்கிற காலை ஊன்றியே நடந்து உள்ளே போய்விட்டார்.

கில்பர்ட் இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான். “அலமாக்! முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. சாரி கேக்க வந்த எடத்துல இன்னொரு சண்ட. ஒலகத்துல எவனாவது இப்படிப் பண்ணுவானா?”

“நாம மட்டும்தான் பண்ணுவோம்” என்றாள் சூசன். “பிடிச்சா எப்படித் தப்பிக்கிறதுன்னு கத்துக்க அனுப்புவோம். தப்பிச்சுக் காட்டுன்னு நடுவீட்டுல நிறுத்துவோம். தப்பிச்சுக் காட்டுனா, மன்னிப்புக் கேளுன்னு பழையபடி பிடிக்குள்ள தள்ளுவோம்.”

“அப்ப அந்த டேக்வாண்டோ...”

“நிறுத்த மாட்டேன். கேட்டுக்கங்க. தற்காப்புக் கல பிள்ளைக்குக் கை கால் பலத்தக் குடுக்குது, ஒழுங்கக் குடுக்குது, எல்லாம் சரி. ஆனா அது மொதல்ல குடுக்குறது ‘வேணாம்’னு சொல்ற வாய. ஒடம்பு தன்னோடதுன்னு சொல்ற தைரியத்த. அந்த வாயத் திருடன்கிட்டயும் ரௌடிகிட்டயும் மட்டும்தான் தொறக்கணும், சொந்தக்காரன்கிட்ட மூடிக்கணும்னு நாம சொல்லிக் குடுத்தா, அந்தக் கிளாஸுக்கு அனுப்பியும் பிரயோஜனம் இல்ல. எந்தப் பிள்ளைக்கும் வெளி ஆளு வந்து ஆபத்தக் குடுக்குறது அபூர்வம்ங்க. நாம கதவத் தொறந்து ‘வாங்க’ன்னு கூப்புடுற ஆளுகிட்டதான் அது தன் குரல எழக்குது.”

மூவரும் காரில் ஏறினார்கள்.

திரும்பும் வழியில் லாரி எதுவும் இல்லை. சாலை வெறிச்சென்று கிடந்தது. ஆனாலும் கில்பர்ட் மெதுவாகத்தான் ஓட்டினான். நாளைக்கு விடியுமுன் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்க வேண்டும், பிறகு அமலநாதன் முன்னால் நிற்க வேண்டும். அந்த நினைப்பு அவன் நெற்றியில் எழுதியிருந்தது. இரண்டு தடவை கண்ணாடியில் மகளைப் பார்த்தான். அவள் ஜன்னலைத் திறந்து, காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஜெரி.”

“ம்.”

“நெசமாவே பிடிக்கலயா ஒனக்கு? அங்கிள் அப்படிப் பிடிக்கிறது?”

“பிடிக்கல.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவுமே.”

கில்பர்ட்டுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவனுக்கே தெரியாத கோபம். கை ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டியது.

“அப்ப மொதல்லயே எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? அப்பாகிட்டக்கூடச் சொல்லக்கூடாதா?”

“சொன்னேன்பா. ஒவ்வொரு வாட்டியும் சொன்னேன். நீங்கதான், ‘அங்கிள் விளையாடுறாரு, சிரி’ன்னு சொன்னீங்க.”